எதிர்வீட்டுக் கதவு

வங்காளத்துப் பவானிபூரில் ஒரு சந்தில் குடியிருந்த பட்டாபிராமன், கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷர். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆபீசுக்குக் கிளம்புமுன் வாசற்கதவைக் கொஞ்சமாகத் திறந்து, சந்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் எட்டிப் பார்ப்பார். சுமங்கலியோ நிறைகுடமோ எதிரே வந்தால் விடுவிடென்று நடையைக் கட்டுவார். கைம்பெண் வந்தால் போச்சு! உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்.

அவருடைய போறாத காலம், எதிர்வீட்டிலேயே ஒரு கைம்பெண் இருந்தாள். நிஸ்தாரிணி என்று பெயர். காலேஜில் படிக்கும் ஒரே மகன் பினோதை நம்பிக் காலம் தள்ளியவள். பட்டாபிராமனின் மனைவி ராஜலக்ஷ்மி அவளை வங்காளி வழக்கப்படி 'மாசிமா' என்று சித்தி முறை வைத்துக் கூப்பிடுவாள். நிஸ்தாரிணி காளிகாட் கோயிலுக்குக் கிளம்புகிற வேளையும் இவர் ஆபீசுக்குக் கிளம்புகிற வேளையும் ஒன்று. அவள் கதவு திறந்தால் இவர் கதவு மூடும்.

சுதேசிக் கிளர்ச்சி பற்றி எரிந்த வருஷங்கள் அவை. எங்கோ வெடிகுண்டு, எங்கோ துப்பாக்கி முனையில் கொள்ளை என்று தினம் ஒரு செய்தி. கோயில் நெரிசலில் ஜேப்படிக்காரனும் சங்கிலி அறுப்பவனும் கொழுத்துத் திரிந்தார்கள். அவர்களைப் பிடிக்கப் போலீசுக்குப் பொழுது ஏது? அதன் கண்ணெல்லாம் படிக்கிற பையன்கள் மேல். சந்துக்குச் சந்து உளவாளி. ஊரார் அவர்களை 'டிக்டிகி' என்றார்கள்.

ஒரு நாள் விடியற்காலை போலீஸ் வந்து பினோதை இழுத்துக்கொண்டு போயிற்று. யார் காட்டிக் கொடுத்தது? தினமும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, நிஸ்தாரிணியின் தலை தெரிந்ததும் உள்ளே ஓடுகிற மதராஸி ஒருவன் இருக்கும்போது, சந்து அதிகம் யோசிக்கவில்லை.

பால்காரன் அவர் வாசலைத் தாண்டிப் போனான். குழாயடியில் ராஜலக்ஷ்மி வைத்த குடத்தை யாரோ தள்ளி வைத்தார்கள். அவளுக்கு நிறைமாதம். தலைச்சன் பிரசவம், ஊருக்கு அழைத்துப்போகத் தாயார் இல்லை. வருவதாக ஒப்புக்கொண்டிருந்த மருத்துவச்சி, டிக்டிகி வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"ஏன்னா, மாசிமாகிட்டப் போய் நெஜத்தைச் சொல்லிடுங்கோ. அவ சொன்னா எல்லாரும் கேப்பா," என்று ராஜலக்ஷ்மி அழுதாள்.

"எப்படிடீ சொல்றது? மகனைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கா. அவகிட்டப் போயி அந்த வார்த்தையையா?"

"சொல்லாட்டா நான் பொழைக்க மாட்டேன்னா."

போனார். நிஸ்தாரிணி தரையில் உட்கார்ந்து மகனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தமக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "நான் போலீசுக்கு ஒன்றும் சொல்லவில்லை, மாசிமா. வெளியே புறப்படும்போது விதவை எதிரே வந்தால் ஆகாது என்று எங்களில் ஒரு வழக்கம். அதற்காகத்தான் உள்ளே போவேன்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"எங்களிலும் அப்படித்தான்," என்றாள். "எனக்குத்தான் உறைக்கவில்லை. நீ டிக்டிகியாகவே இருந்திருக்கலாம், பாபு. உன்னைச் சபித்துவிட்டாவது தூங்கியிருப்பேன். பினோத் காலையில் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று வழியனுப்பினது நான்தானே?"

பட்டாபிராமன் குனிந்த தலையோடு வீட்டுக்குத் திரும்பினார்.

அன்று மாலையே மருத்துவச்சி வந்தாள். அனுப்பியது நிஸ்தாரிணி. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். குழந்தையைக் காட்ட ராஜலக்ஷ்மி எடுத்துப்போனபோது நிஸ்தாரிணி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே வாழ்த்தினாள். பினோத் திரும்பி வரவில்லை. ஜெயிலில் காய்ச்சல் கண்டு போய்விட்டான் என்று சேதிதான் வந்தது.

பட்டாபிராமன் சகுனம் பார்ப்பதை விட்டார். பென்ஷன் வாங்கும்வரை அந்த வீட்டை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் குடையும் கையுமாக வாசலில் நிற்பார்.

"ஏன்னா, ஆபீசுக்கு நாழியாகலையா?" என்பாள் ராஜலக்ஷ்மி.

"இருடீ. அந்த அம்மா எதிரே வரட்டும், போறேன்."

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறக்கும். இவர் போயாயிற்றா என்று ஒரு நரைத்த தலை எட்டிப் பார்க்கும். இவர் நிற்பதைக் கண்டதும் கதவு மூடிக்கொள்ளும்.