கணக்கில் சேராத சொதி

உதயரூபனுக்கு வைத்தியர் விலக்கி வைத்தது தண்ணீரை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே கொடியில் காயும் சால்வை போல ஒடுங்கிக் கிடக்கும் குருக்கள்மடத்தில் ஒரு மனிதன் தாகத்தோடு இருக்கவேண்டும் என்பது ஊரில் யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கி நெஞ்சை அமுக்கும் என்றார் வைத்தியர். நாளுக்கு மூன்று கிளாஸ். அதற்கு மேல் மூச்சு முட்டும்.

அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் மனைவி பிரஷாந்தி கொழும்பில் மென்பொருள் எழுதும் வேலையை விட்டு வந்தாள். கம்பனி அதற்குத் ‘தொழில் இடைவேளை’ என்று பெயர் வைத்தது. இடைவேளை என்றால் மனிதர்கள் தேநீர் குடிப்பார்கள். இவள் வீட்டில் தேநீரை அளந்தார்கள்.

முதல் வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து தீர்ந்தது. மடிகணினியின் மூடியில் மருந்துப் பெட்டிகள் ஏறின. கணித ஆசிரியரான உதயரூபனுக்கு அது பொறுக்கவில்லை.

“புள்ள, உனக்குக் கை மறந்து போகும். காலம எழும்பினா கொஞ்சமெண்டாலும் எழுது.”

“எழுதி ஆருக்குக் காட்டுற?”

“எனக்குக் காட்டு. பிழை பிடிக்கிறதுதானே என்ட தொழில்.”

உட்கார்ந்தாள். பத்து வருடம் சோறு போட்ட வித்தை, விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியைத் தேடியே முதல் காலையைத் தின்றது. அழலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் என்பதால் அதையும் தள்ளி வைத்தாள்.

எழுதுவதுதான் எழுதுகிறோம், அவனுக்கே உதவட்டும் என்று அவனுடைய போனுக்கு ஒரு சிறு செயலியைத் தொடங்கினாள். குடித்ததை அழுத்தினால், இன்னும் எவ்வளவு குடிக்கலாம் என்று அது சொல்லும். ஒரு காலை அதற்கு நிறம் பூசினாள். இன்னொரு காலை அளவு மீறினால் அதட்டக் கற்றுக்கொடுத்தாள். “இண்டைக்கு என்ன வெட்டி விழுத்தின?” என்று பரிசோதகரைப் போல அவன் வந்து நிற்பான். கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

பெரிய பிழையைப் பிடித்ததும் அவன்தான். பிடித்ததோடு அதில் குடியும் ஏறினான். மட்டக்களப்பில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து வாழ்வான். அவன் சாப்பாட்டுப் பீங்கான் காய்ந்தால் மாமியாரின் மானம் போகும். பிரஷாந்தியின் தாய் சீதேவிப்பிள்ளை மானமுள்ளவள். இடியாப்பம் மிதக்கும்வரை தேங்காய்ப்பால் சொதி ஊற்றினாள்.

“அம்மா, அது தண்ணி!”

“என்ன கா பேசுறா? சொதி கறிதானே. மருமகனுக்குச் சொதி குடுக்காத வீடெண்டு பேர் எடுக்கவா?”

“மாமி சொல்றது சரி,” என்றான் உதயரூபன். “உன்ட புரோகிராமில தேத்தண்ணி கிடக்கு, இளநி கிடக்கு. சொதி இல்ல. இல்லாதத நான் எப்படி அழுத்துற?” பீங்கானைச் சரித்துக் கடைசிச் சொட்டுவரை கண்ணை மூடிக் குடித்தான். அந்த முகத்தை அவள் வெகுநாளாகக் கண்டிருக்கவில்லை.

ஐந்து வரியில் அடைத்திருக்கக்கூடிய ஓட்டை. நாளைக்குச் செய்கிறேன் என்றாள். மறுநாள் வேறெதையோ எழுதினாள். பிழை களையப் பழகிய கை ஒரு பிழையை மட்டும் பொத்திப் பொத்தி வளர்த்தது.

மழை விடாத மார்கழியில் அவன் போனான். இதயம் நெடுநாளாகக் களைத்திருந்தது என்றார் வைத்தியர். அவர் சொதியைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இடியாப்பத்துக்குச் சம்பல் மட்டும்தான். தாயும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுகாலை, பழைய நேரத்துக்கே விழிப்பு வந்தது. கை தானாக மடிகணினியைத் திறந்தது. அவன் விரும்பியபடியே பழக்கம் திரும்பிவிட்டது. பிழை பிடிக்க வருபவன்தான் இல்லை.

சில மாதம் கழித்து, கொழும்புக் கம்பனி ஒன்று கணினி வழியாக நேர்முகத் தேர்வு வைத்தது. கேள்வி கேட்ட ஷிஹான் அவளைவிட இளையவன், மரியாதையானவன். இடைவேளையில் என்ன செய்தீர்கள் என்றான். வேறொன்றும் இல்லாததால் அந்தச் செயலியைக் காட்டினாள்.

“நல்லா இருக்கு அக்கா. ஆனா சாப்பாட்டில இருக்கிற தண்ணி கணக்கில வரல்லயே? சொதி, ரசம் மாதிரி. இப்பவே ஒண்டைச் சேர்த்துக் காட்டுவீங்களா?”

அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

பிரஷாந்தி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். பட்டியலில் ‘சொதி’ வந்தது. ஷிஹான் அழுத்திப் பார்த்தான். கிளாஸ் கணக்கு குறையவில்லை.

“அளவைப் பூச்சியம் எண்டு போட்டிருக்கீங்க. கைப்பிழையா?”

“இல்ல தம்பி,” என்றாள், அடுப்படிக்கும் கேட்கும்படி. “சொதி கறிதானே.”

வேலை கிடைக்கவில்லை. மறுநாள் காலை அவள் எழுந்து மடிகணினியைத் திறந்தபோது, உள்ளே சீதேவிப்பிள்ளை தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள்.