ஏழு துளை மூடி

நேற்றுக் காலை ஊதுபத்தி கொளுத்தினேன். வாசம் எழுந்ததும் நினைவுக்கு வந்தது கோயில் அல்ல, ஒரு லொறி.

1992 ஆவணி, யாழ்ப்பாணத்து இணுவில். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஆங்கிலேய இராணுவ லொறி ஒன்றை அப்பா மூன்று வருடமாக எங்கள் வளவில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். என்ஜினுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடி மட்டும் கிடைக்கவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடை, பெற்றோலோ உதிரிப்பாகமோ வராது. குண்டுவீச்சுக்குப் பயந்து வெட்டிய பங்கர் குழியை மூட இரும்பு தேடிய அம்மா கெடு வைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ளை ஓடாட்டி, உந்த லொறியின்ரை சேசிசை வெட்டிப் பங்கருக்கு மேலை போடுவன்.”

வியாழக்கிழமை அப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, மூடி தேடிக் கொடிகாமத்தில் ஒரு பழைய லொறிச் சாரதியின் வீட்டுக்குப் போனார். சாரதி முன்பே இறந்திருந்தார்; முற்றத்தில் விற்காத தேங்காய் குவிந்து கிடந்தது. அவர் மனைவி சாமிப் படத்தின் முன் ஏழு துளையுள்ள கறுப்பு மூடியில் ஊதுபத்தி குத்தியிருந்தார். அப்பா தேடிய மூடி!

“சாமிக்கு வச்சதைத் தரேலாது, தம்பி.”

“வாழைப்பழத்திலை குத்தினாலும் சாமி கோவிக்காது, அக்கா. தந்தியளெண்டால் உங்கடை தேங்காயைச் சந்தைக்கு நான் ஏத்துவன்.”

“லொறி ஓடாட்டி?”

“ஓடாட்டி மனிசி என்னையும் பங்கருக்கு மேலை போட்டிடுவா.”

அவர் சிரித்துவிட்டு, மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை அப்பா மூடியைப் பூட்டி, கார்பரேட்டரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு லொறியின் முன்னாலிருந்த கைபிடியைச் சுழற்றினார். மூன்றாம் சுற்றில் லொறி உறுமி, மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது. என்ஜின் சூடேற மூடியிலிருந்து ஊதுபத்தி மணத்தது. அயலெல்லாம் எங்கள் படலை வாசலுக்கு ஓடிவந்தது.

அம்மா முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

“பங்கருக்குப் பனைமரக் குத்தி போடலாம். கொடிகாமத்துக்கு விடுங்கோ, தேங்காய் ஏத்தவேணும்.”

நேற்று நானும் ஊதுபத்தியை வாழைப்பழத்தில்தான் குத்தினேன்.