நஸீமா குடிக்காத தண்ணீர்

ஒரு பொய்யைச் சொல்லித்தான் நான் ஓட்டக்காரியானேன். நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். படவரைஞர் பயிற்சி பெற்றவள் நான். வரிசை இல்லாமல் எனக்கு எதுவும் பிடிபடாது.

1. எண்பதுகளின் நடுவில், ஒரு நோன்பு மாதத்தில், கொழும்பிலுள்ள ஒரு திணைக்களம் தன் ஓட்டக் குழுவுக்கு ஒரு பெண்ணைத் தேடியது. ஓடவும் வேண்டும், அங்கேயே சம்பளத்துக்கு வேலையும் உண்டு. இடம் ஒன்றுதான்.

2. கல்முனைக் கடற்கரையில் சேர்ந்தே ஓடிப் பழகிய நானும் மருதமுனை நஸீமாவும் தேர்வுக்கு முதல்நாளே கொழும்புக்குப் போய் ஒரு விடுதியில் தங்கினோம்.

3. இருவரும் அன்றிரவே, நாளை நோன்பு பிடிப்போம் என்று நிய்யத்து வைத்திருந்தோம்.

4. விடிந்தபின், அவள் குளிக்கப் போன நேரத்தில், நான் விடுதிச் சமையலறையில் பாணும் இரண்டு வாழைப்பழமும் தின்று தேநீர் குடித்தேன்.

5. அவள் கேட்டபோது, நோன்பு என்றேன்.

தின்றது குற்றமில்லை. பயணத்தில் இருப்பவர் நோன்பை விடலாம், பிறகு வேறொரு நாளில் அதற்கு ஈடாக, கழாவாகப் பிடிக்கலாம். எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். குற்றம் ஐந்தாவதில் இருக்கிறது...

மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில் அவள் தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெயிலப் பாருடி! நோன்ப உட்டுட்டு ஓடுவமா? நீ என்ன செய்யப்போறாய்?"

"நான் நோன்புதான்."

"சத்தியமா?"

"ஓம்டி."

போத்தலைப் பைக்குள் வைத்தாள். "அப்ப நானும் நோன்புதான். நீ மட்டும் தனியச் சுவர்க்கத்துக்குப் போகப் பாக்கிறியா? உடமாட்டன்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன்... என்னால் சிரிக்க முடிந்ததே!

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான் என்று பல காலம் என்னையே நம்பவைத்தேன். இல்லை. பத்துத் தடவை ஓடினால் எட்டுத் தடவை அவளே எனக்கு முன்னால் வருவாள். போத்தல் பைக்குள் போனதைப் பார்த்தபோது என் நெஞ்சில் ஓர் ஆறுதல் வந்தது. உங்களிடம் நான் ஒப்புக்கொள்வது அந்த ஆறுதலைத்தான்.

மூவாயிரம் மீற்றர். ஏழரைச் சுற்று. ஐந்து சுற்றுவரை அவள் முதுகைப் பார்த்தே ஓடினேன். ஆறாவதில் அவள் தோள்கள் ஆடத் தொடங்கின. நான் கடந்து போனபோது அவள் மூச்சு வறண்டு கேட்டது. அவள் நிற்கவில்லை. நான்காவதாக வந்து முடித்தாள்.

உதடு வெடித்திருக்க, வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நோன்போட வெண்டுட்டாய்டி!"

நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "நோன்பச் சாட்டுச் சொல்ல எனக்கு வாயில்ல. நீயும் நோன்புதானே. எனக்கு ஏலாது, அவ்வளவுதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்! நடுவர்கள் இன்னும் மேசையை விட்டு எழும்பவில்லை... நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்க உட்கார்ந்தோம். பேரீச்சம்பழங்களில் பெரியதை எடுத்து என்னிடம் நீட்டினாள். "வெண்ட ஆளுக்கு," என்றாள். வாங்கித் தின்றேன்.

ஊர் திரும்பிய பின் அவள் ஓடவில்லை. வீட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகையில் என் படம் வந்தால் வெட்டிக் கடிதத்தோடு அனுப்புகிறாள். "ஆள் மெலிஞ்சிட்டாய், முட்டையாவது தின்னு" என்று ஓரத்தில் எழுதுகிறாள். அவளை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதை நீங்கள் நம்புவீர்களா? நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை.

விட்ட அந்த ஒரு நோன்பை அதே வருடம் பிடித்துவிட்டேன். நஸீமாவுக்குச் செய்ததற்கு எதைப் பிடிப்பேன்?

சொல்லவென்றே இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் சோறு தின்றுவிட்டு வந்தேன்.

அந்தத் தேர்வு முடிந்து ஆறு வருடம்; இன்றைய நிலை இது. இந்த வருடமும் நான் திணைக்களத்துக்காக ஓடுகிறேன். நஸீமா மருதமுனையில் நெய்கிறாள். தன் கால்கள் என்னுடையவற்றைவிட மெதுவானவை என்றே அவள் இன்னும் நம்புகிறாள்.