எந்தப் பச்சை என்று கேட்டவர்

செய்தி வந்தபோது நான் தானா மேரா நிலையத்தில் சாங்கி ரயிலுக்காக நின்றிருந்தேன். நம் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் சோமு அண்ணனின் எண். காலையில் அந்த எண்ணிலிருந்து எது வந்தாலும் ஏதாவது ஒரு பறவையைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை எழுதியிருந்தவர் அவருடைய மனைவி, மங்கை அண்ணி. “அவர் விடிகாலைல தவறிட்டார்.” நம் குழுவில் ஒருவர் அதைப் படிக்காமலேயே வழக்கம்போலக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, பிறகு பதறிப்போய் அழித்தார். யார் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். வந்து நின்ற ரயிலில் ஏறாமல் நான் அப்படியே நின்றேன்.

உங்களில் பலருக்கு அவரைப் பறவைக் குழுவில்தான் தெரியும். எனக்கு அவர் சாங்கி சரக்கு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். பெயர் தெரியாத சின்னப் பறவை எதையாவது படமெடுத்துக்கொண்டு போனால் உடனே பதில் வராது. எந்த மரம், எவ்வளவு உயரம், வாலை ஆட்டியதா, தனியாக வந்ததா என்று கேள்வி கேட்டே உயிரை எடுப்பார். எனக்கோ பொறுமை கிடையாது. “அண்ணே, பேரைச் சொல்லுங்க, போதும். நாம என்ன அதுக்குப் பொண்ணா பார்க்கப் போறோம்?” என்பேன்.

“பறவையைப் பார்த்துட்டுத்தான்மா பேருக்குப் போகணும். பேரைக் கையில வச்சுக்கிட்டுத் தேடினா, எதைப் பார்த்தாலும் அதாத்தான் தெரியும்” என்பார். இவ்வளவும் கேட்டுவிட்டு, சில நாள் நிதானமாக, “தெரியலை லா” என்றும் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு அழகாகச் சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

தேக்கா சாப்பாட்டுக் கடையில் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் போனில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். “நேத்து சாங்கியில ஒரு குருவி. புதுசு. வெளியூர்லேருந்து வந்து இறங்கியிருக்கு. பேரு தெரியலை, ஆனா போட்டோ எடுத்துட்டேன். இன்னைக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சிடுவேன்.” பக்கத்து மேசையில் இரண்டு பெரிய பைகளோடு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முகம் வெளுத்துப்போனது. பாதித் தோசையை விட்டுவிட்டு, பைகளை அணைத்துக்கொண்டு நழுவினார்.

“பாவம், என்ன அவசரமோ” என்றார் அண்ணன். சுங்கத்துக்குப் பயந்து பயந்து விமானத்தில் ஊருக்கும் இங்கும் சாமான் சுமந்து பிழைப்பவர்களையும் நம் மக்கள் குருவி என்றுதான் சொல்வார்கள் என்பதை நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த தே ஓ கோசோங், அந்தச் சர்க்கரையில்லாத கடுந்தேநீர், மூக்கில் ஏறிவிட்டது. மறுநிமிடமே எழுந்து பேருந்து நிறுத்தம்வரை அந்த ஆளைத் தேடிக்கொண்டு ஓடினார். “சாப்பாட்டுல கை வச்ச மனுஷனை எழுப்பிட்டேனே” என்று அன்று முழுக்கப் புலம்பல். அதற்குப் பிறகு தேக்காவில் மட்டும் அவர் குருவி என்ற சொல்லை எடுத்ததே இல்லை. சிட்டு என்பார்.

சர்க்கரை நோய் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கண்ணைக் கொண்டுபோனது. எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் தெரியவில்லை என்று ஆனபோது, அவர் மனம் நோகக்கூடாதே என்று நாம் எல்லாரும் அவருக்கு அனுப்புவதை நிறுத்தினோம். ஒரு மாலை அவரே கூப்பிட்டார்.

“என்னம்மா, சிங்கப்பூர்ல குருவியெல்லாம் செத்துப்போச்சா? ஒருத்தரும் ஒண்ணும் அனுப்பலை.”

“உங்களுக்குப் படம் தெரியாதேன்னுதான்ணே...” என்றேன்.

“கண்ணுதான்மா போச்சு. இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் உள்ளே அப்படியே இருக்கு. கேட்கக்கூட ஆள் இல்லைன்னா நான் என்னதான் பண்றது?” எனக்கு நம் எல்லார் மேலும் அப்படி ஒரு கோபம் வந்தது.

அந்த வாரம்தான் சாங்கி கடற்கரையில் நான் பார்த்தேயிராத ஒரு சின்னப் பறவையைப் படமெடுத்திருந்தேன். “நீங்க கேளுங்கண்ணே, நான் பார்க்கிறேன்” என்றேன்.

“என்ன நிறம்?”

“பச்சை.”

“எந்தப் பச்சை? வாழை இலையா, காய்ஞ்ச கறிவேப்பிலையா?”

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். “காய்ஞ்ச கறிவேப்பிலை.”

“இறக்கையில வெள்ளை?”

“சின்னதா இருக்கு.”

“முதுகு காட்டுச்சா?”

“எல்லாம் முன்பக்கம்தான்.”

“அழிக்கலாம்னு வச்ச படம் ஒண்ணு இருக்கும், பாரு.”

இருந்தது. பறவை பறந்துபோகும்போது கலங்கலாக விழுந்த படம். வால் தொடங்கும் இடத்தில்... “ஐயோ அண்ணே! மஞ்சள்! அரைச்சு அப்பின மாதிரி மஞ்சள்!”

“ஈப்பிடிப்பான்மா. இடுப்புல மஞ்சள் இருக்கிற ஜாதி. பொட்டை. கொரியா, சீனா பக்கத்துலேருந்து வருது. ஆணைப் பார்த்திருக்கேன், பளிச்சுன்னு இருக்கும். பொட்டை ஒரு தடவைகூட என் கண்ணுல பட்டதில்லை.” பிறகு, “இன்னைக்குத்தான் பார்த்தேன்” என்றார்.

அதன் பிறகு நாம் எல்லாரும் படத்தை அவரிடம் வாயால் சொல்லப் பழகினோம். திட்டு வாங்கி வாங்கிப் பார்க்கவும் பழகினோம்.

அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். “கல்யாணமான நாள்லேருந்து நான் என்ன கட்டியிருக்கேன்னு நிமிர்ந்து பார்க்காத மனுஷன்மா. கண்ணு போனப்புறம் தினம் கேட்பாரு, இன்னைக்கு என்ன சேலைன்னு. வெறும் பச்சைன்னா விடமாட்டாரு. கடைசியா ஆஸ்பத்திரியில கேட்டப்போ பச்சைன்னேன், அதுக்குள்ள டாக்டர் வந்துட்டாரு. மீதியை அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.”

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். அவருக்காக அங்கேயே அதைக் கேட்டேன். “எந்தப் பச்சை, அண்ணி?”

அண்ணி கண்ணை மூடி யோசித்தார். பிறகு என்னிடம் அல்ல, அண்ணன் பக்கம் திரும்பிச் சொன்னார்: “மாங்காயை வெட்டினா தோலை ஒட்டி உள்ளே இளசா ஒரு பச்சை இருக்குமேங்க, அது.”