வாடிக்கையாளரோடு தண்ணீர் லாரியில் மேடவாக்கம்

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் சிலர், வாடிக்கையாளர் வந்தால் எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டிருந்தார்கள். மகாபலிபுரம் நல்ல இடம்தான். ஆனால் 1996 மே மாதம் நாங்கள் போனது மேடவாக்கத்துக்கு. சில விவரங்கள் என் நினைவில் பிசகியிருக்கலாம்.

அப்போது எங்கள் அலுவலகம் குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் மாடி. எட்டுப் பேர். குளிர்நாட்டு நிறுவனம் ஒன்று, வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை லாரியில் விநியோகிப்பதற்கான மென்பொருளை எங்களிடம் ஒப்படைத்திருந்தது. ஆவணத்தில், ஓட்டுநர் எண்ணெயை ஊற்றிவிட்டுத் திரும்புவார் என்று ஒரே வரி. வீட்டில் ஆள் இருந்தால்தானே ஊற்ற முடியும்? யாரையும் கேட்காமல், கையெழுத்து வாங்கினால்தான் விநியோகம் முடியும் என்று எழுதிவிட்டோம். அங்கே தொட்டி வீட்டுக்கு வெளியே இருக்குமாம், ஆளே தேவையில்லையாம். அந்த நிறுவனத்தின் ஆலன் கோபமாகப் புறப்பட்டு வந்தார். அவர் திருப்தியடையாவிட்டால் அடுத்த கட்டம் வேறு ஊருக்குப் போகும். எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

மன்னிப்புக் கேட்டு, கையெழுத்துக் கேட்கும் திரையை மாற்றிவிடலாம் என்றேன். குழுத்தலைவி ஸ்டெல்லா கிழக்குத் தாம்பரத்துப் பெண்; என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். "அந்த ஒண்ணை மாத்திடலாம் சார். இன்னும் எதையெல்லாம் நாமளா நினைச்சுக்கிட்டு எழுதியிருக்கோம்னு எப்படித் தெரியும்?" என்றார். வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றும் லாரியில் ஆலனோடு ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூவரும் வாடகை அம்பாசிடரில் கிளம்பினோம். தாம்பரம் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர். அரை நாளுக்கு முந்நூறு ரூபாய். மேடவாக்கத்தில் கிணற்றடியில் நின்ற தண்ணீர் லாரியில் ஏறிக்கொண்டோம். ஓட்டுநர் ஆலனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், தொரைக்கு அவங்க ஊர்ல தண்ணி வர்லியா?" ஸ்டெல்லா அதை அப்படியே மொழிபெயர்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆலன் சிரித்தார்.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வீட்டில் தரைத்தொட்டி மூடி பூட்டியிருந்தது. "ஆள் இல்ல, மூடி பூட்டிக் கீது. எங்க ஊத்துறது?" என்று ஓட்டுநர் லாரியை நகர்த்தினார். எங்கள் கையெழுத்துத் திரை எங்கிருந்து வந்தது என்று ஆலனுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார்.

ஸ்டெல்லா அதோடு விடவில்லை. உங்கள் ஊரில் லாரி எதனால் ஊற்றாமல் திரும்பும் என்று கேட்டார். பனி மூடிய பாதை, கட்டிப்போடாத நாய் என்றார் ஆலன். அப்புறம்? ஓட்டுநர் அடுத்த வீட்டுக்குப் போவார். வீட்டுக்காரருக்கு யார் சொல்வார்கள்? அன்றிரவு அவர் குளிரில் என்ன செய்வார்? ஆலன், ஆவணத்தில் இருந்த அந்த ஒரு வரியைத் தானே மேசையில் உட்கார்ந்து எழுதியதாகவும், தன் நிறுவன லாரியில் ஒருநாளும் ஏறியதில்லை என்றும் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கும் துணிவு எந்த வயதிலும் வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெயிலுக்கு முன் கிளம்புங்கள், இப்போது ஒன்பது மணிக்கு மேடவாக்கம் நகராது. ஓட்டுநரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். ஆவணத்தை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "அப்புறம்?" என்று கேட்டால் போதும்.

ஊர் திரும்பிய ஆலன் தன் லாரிகளில் ஒரு வாரம் சுற்றிவிட்டுப் புதிய ஆவணத்தைத் தொலைநகலில் அனுப்பினார். அடுத்த கட்டத்தைத் தொடங்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது. நாங்கள் ஏழு பேரும் கைதட்டினோம். ஸ்டெல்லா முதல் பக்கத்துக்குத் திரும்பி, இரண்டு இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டார்.