முப்பது மைலுக்கு மேல் ஆடிய வண்டி

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் மணிக்கு முப்பது மைல் வரைக்கும் தங்கமான பிள்ளை. அதைத் தாண்டினால்தான் கிறுக்குப் பிடிக்கும். முதலில் ஹேண்டில்பார் லேசாக நடுங்கும். பிறகு முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டும். நாற்பதைத் தொட்டால், ஈ மொய்த்த எருமை போல வண்டி மொத்தமும் உடம்பை உதறும். இதெல்லாம் ஓட்டிய மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது. வந்த வினையே அதுதான்.

மாமா அம்மாவின் தம்பி. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா பக்கம் மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் வேலை பார்த்தவர். சண்டை முடிந்து ஊருக்கு வந்ததும், பட்டாளம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கையிலிருந்ததைப் போட்டு ஒன்றை வாங்கிவந்துவிட்டார். பாசி நிறம். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள். அது தெருவுக்குள் நுழைந்த அன்று கோழிகள் கூரையேறின. நான் மட்டும் ஓடாமல் நின்றேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள் ஓடக் கூடாது என்பது என் எண்ணம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்த மரியாதையைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு இருந்தது.

வண்டி வந்த கையோடு வேலையும் வந்தது. துறைமுகத்தில் கப்பல் சரக்குகளைக் கவனிக்கும் ஒரு ஆபீசில், கப்பல் வந்த நாளில் காகிதங்களைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி, மத்தியானத்துக்குள் திரும்ப ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். மாமா சரி என்றார். மாதம் பிறந்ததும் வரச் சொன்னார்கள். ஆனால் முப்பது மைலில் உருட்டிக்கொண்டு போகிறவன் வேண்டாம், அதற்கு ரயிலே போதும் என்றும் சொல்லியனுப்பினார்கள். அன்று சாயங்காலமே உப்பளத்து ரோட்டில் வேகம் பார்க்கப் போன மாமா, முழங்கால் சிராய்ப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

காற்று அடித்துப் பார்த்தார். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முறுக்கினார். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். ஹேண்டில்பார் நடுவில் ஒரு கறுப்புத் திருகு இருந்தது. அதை இறுக்கினால் ஹேண்டில் கெட்டிப்படும். ஆட்டம் கூடக் கூட அதையும் இறுக்கிக்கொண்டே போனார். ஆட்டம் அடங்கவில்லை.

அம்மா வண்டியைப் பார்க்கவில்லை. மாமாவின் கையைப் பார்த்தாள். காலையில் காப்பி டம்ளரை வாங்கும்போது மாமாவின் விரல்கள் லேசாக நடுங்குவதை அவள் முன்னமே பார்த்து வைத்திருந்தாள். சண்டைக்குப் போய்வந்த ஆட்களுக்கு அப்படி ஆகிவிடுகிறது என்று யாரோ சொல்லியும் இருந்தார்கள். அதன்பிறகு அம்மாவுக்கு வினோதமான உதவிகள் தேவைப்பட்டன. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்வாள். வாய் குறுகிய சீசாவில் எண்ணெய் ஊற்றச் சொல்வாள். ஊற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். மாமாவுக்கு அது புரியாமலா இருக்கும்? அவர் கால்சட்டைப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டே நடமாடத் தொடங்கினார். நான் அதை வெள்ளைக்காரர் பழக்கம் என்று நினைத்து, பையில்லாத பாவாடையை வைத்துக்கொண்டு ஏங்கினேன்.

வண்டி ஆடுவதற்கு என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. பூமி சுற்றுகிறது என்று அந்த வாரம்தான் டீச்சர் சொல்லியிருந்தார். மெதுவாகப் போனால் அது தெரியாது, வேகமாகப் போனால் தெரிந்துவிடும், அதுதான் ஆட்டம் என்று விளக்கினேன். படித்த பிள்ளை சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்கும் என்றார் அப்பா.

அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டல். தோணியை நடத்துவதும் ஆட்களை வேலை வாங்குவதும் அவர்தான். அந்த மாதம் தோணி கரையில் மராமத்துக்குக் கிடந்ததால் அவர் வீட்டில் இருந்தார். ஆடுவது எதுவானாலும் அவருக்கு ஒரே மருந்துதான் தெரியும். வெறும் தோணி கடலில் ஆடும்; அடியில் பாரக்கல் ஏற்றினால் நிதானப்படும். இரண்டு இரும்புப் பெட்டிகளிலும் தோணிக் கல்லை நிரப்பினார். மாமா தடுக்கவில்லை. வண்டி நிற்கும்போது உண்மையிலேயே மிகவும் நிதானமாக நின்றது. ஓடும்போது இருபத்தைந்திலேயே ஆடத் தொடங்கி, மாமாவை உப்புப் பாத்தி வரப்பில் தூக்கிப் போட்டுவிட்டது.

உடம்பெல்லாம் உப்பும் சேறுமாக அவர் வந்து நின்றதைப் பார்த்து, அம்மா மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“போதும்லே. வண்டிய வித்துட்டு ஒங்க அத்தான்கூட தோணில ஏறு. சோறு பொங்கவாவது ஆள் வேணும்லா.”

மாமா நேராகக் குளிக்கப் போனார். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டார். வாளியைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கே நின்றேன்.

“அத்தான், அக்கா நெனைக்கதுதான் சரியோ? ஆட்டம் எங்கையிலதான் இருக்கோ?”

அப்பா தாடையைத் தடவினார். தன் மருந்து பலிக்காதது அவருக்கும் உறுத்தலாக இருந்திருக்க வேண்டும்.

“தப்பு எம்பேர்லயும் இருக்கு மாப்ள. பின்னால பாரம் ஏத்துனா தோணி மூக்கத் தூக்கிரும். அப்புறம் சுக்கான் சொன்னபடி கேக்காது. நாளைக்கு இத தொங்கவிட்டுப் பாப்பம்.”

வண்டியின் கனம் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது அவருடைய திட்டம். மறுநாள் காலையில் கல்லையெல்லாம் இறக்கிப்போட்டு, முற்றத்துப் பூவரச மரத்தில் தோணிக் கப்பியைக் கட்டி, கயிறு போட்டு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார்கள். மரம் முறிந்தால் துணி காயப்போட இடமில்லை என்று அம்மா காவலுக்கு வந்து நின்றாள். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பி விறைத்து நின்றதால், அந்தத் திருகைத் தளர்த்தச் சொன்னார் அப்பா. மாமா தளர்த்தினார். விட்டதும் சக்கரம் சடாரென்று திரும்பி அம்மாவின் முழங்கையில் இடித்தது. அம்மா அதை ஆத்திரத்தோடு இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தாள்.

‘டக்’ என்றது.

பின்னால் தள்ளினாள். மறுபடியும் ‘டக்’. பிடிப்பதற்காக மாமா ஹேண்டிலுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“நீ தொடாத. கைய எடுலே,” என்றாள் அம்மா.

மாமா கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அம்மா இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் கழுத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்ப ஆட்டுதது ஆருலே? நீயா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே பாரக்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு மாமா பழைய சாக்கை விரித்துக் கழுத்தைப் பிரித்தார். ஹேண்டில் திரும்புவதற்காக மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புக் கிண்ணங்களும், அவற்றுக்குள் உருளச் சின்னக் குண்டுகளும் இருக்கும். சைக்கிளில் இருப்பதுபோலத்தான், கொஞ்சம் பெரிசு. பட்டாளத்தில் எத்தனை மழையில் கிடந்ததோ, எந்தக் கப்பல் தளத்தில் உப்புக் காற்று குடித்ததோ, உள்ளே கிரீஸ் என்ற பேருக்குத் துருவும் மண்ணும் கருப்பட்டிப் பாகு போலக் காய்ந்திருந்தன. குண்டுகள் பாதி தேய்ந்தும் உடைந்தும் போயிருந்தன. கிண்ணத்தில், மாவில் விரலால் அழுத்தியதுபோல் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. திருகை இறுக்கி வைத்திருந்தவரை இந்த ஓட்டையெல்லாம் வெளியே தெரியவேயில்லை.

மாமா உடைந்த குண்டுகளை உள்ளங்கையில் போட்டு உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவிடம் காட்டிச் சிரித்தார், என்னிடம் காட்டிச் சிரித்தார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். எனக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது. அவ்வளவு பெரிய வண்டி வாங்கி, அது உள்ளே இப்படி உளுத்துக் கிடக்கிறது என்று தெரிந்தால் அழ வேண்டாமா?

துறைமுகத்து லாரிக் கொட்டகையில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், மதுரைக்குச் சொல்லியனுப்பிப் புதுக் கிண்ணமும் குண்டும் வரவழைத்துக் கொடுத்தார். கிரீஸில் குண்டுகளைப் பதித்துப் பூட்டியாகிவிட்டது. ஆனால் முறுக்குவதில்தான் மாமாவுக்கு ஒரு பகல் போனது. கூட முறுக்கினால் ஹேண்டில் திரும்ப மறுத்தது. விட்டால் மறுபடியும் ‘டக்’. கடைசியில் ஒரு நிலையில், தொங்கும் வண்டியின் ஹேண்டிலை நான் விரலால் தொட, அது தானாகவே ஒரு பக்கம் அழகாகச் சாய்ந்தது. அம்மா வந்து இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். சத்தமில்லை. அம்மா சொன்ன பிறகுதான் கயிற்றை இறக்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் உப்பளத்து ரோட்டில் போய் நின்றோம். முத்தையாபுரத்துப் பக்கம் அந்த ரோடு நூல் பிடித்ததுபோல் போகும். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள். காலி இரும்புப் பெட்டிகளோடு மாமா தூரத்தில் போய்த் திரும்பினார். முதல் தடவை எங்களைச் சாதாரணமாகக் கடந்து போனார். இரண்டாம் தடவை என் பாவாடை பறக்கும் வேகத்தில் போனார். அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். மூன்றாம் தடவை, வண்டியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. புள்ளியாகத் தெரிந்தது சட்டென்று பெரிதாகி வந்தது. எங்களுக்குக் கொஞ்சதூரம் இருக்கும்போது மாமா ஹேண்டிலிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். எடுத்து, சிலுவை போல அகல விரித்தார். வண்டி ஒரு இம்மிகூட விலகாமல், யாரோ கோடு போட்டுக் கொடுத்ததுபோல், எங்களைக் கடந்து நேராகப் போயிற்று.

எனக்காக சர்க்கஸ் காட்டுகிறார் என்று குதித்துக் கைதட்டினேன். உடனே பயந்து அம்மாவைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஏறினால்கூட அம்மா வாயில் வராத வசவு கிடையாது. இன்று மாமா தொலைந்தார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா திட்டவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவுமில்லை. தூரத்தில் சிறிதாகிக்கொண்டு போகும் அந்த முதுகைப் பார்த்து, தனக்குத்தானே சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

“போட்டும், புள்ள போட்டும்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உப்புக் குவியலை மும்முரமாகப் பார்த்தார்.

கையை விட்டு ஓட்டினால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதை அன்று நான் கண்டுபிடித்துவிட்டேன். அன்று சாயங்காலமே அம்மா பார்க்கும்படியாக, இரண்டு கைகளையும் சிலுவை போல விரித்துக்கொண்டு கிணற்றின் சுற்றுச்சுவர் மேல் ஒரு முழுச் சுற்று நடந்து காட்டினேன். ஆடாமல்தான் நடந்தேன். இறக்கி வைத்து முதுகில் நாலு வைத்தாள். மாமாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று அழுதுகொண்டே கேட்டேன். அந்தக் கேள்விக்கு அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை என்றுதான், மூன்றாம் வகுப்பு முடியும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.