பங்காக் கயிற்று ஓட்டை

புவனகிரி சின்னையனுக்கு வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. சிதம்பரத்திலும் கடலூரிலும் ஏசி பழுதானால் அவரைத் திட்டிக்கொண்டே கூப்பிடுவார்கள். கடலூரில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய நாடக மன்றத்துக்கு ஏசி மாட்டக் கூப்பிட்டபோது மட்டும் அவர் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினார்.

காரணம் இருந்தது. கரண்ட் வருவதற்கு முன்னால் அந்த மன்றத்தில் காற்று என்றால், உத்தரத்தில் தொங்கிய துணிப் பங்காதான். அதன் கயிறு சுவரில் ஒரு ஓட்டை வழியாகப் பின்தாழ்வாரத்துக்கு வரும். அங்கே உட்கார்ந்து அதை இழுத்தவர் சின்னையனுடைய தாத்தாவின் அப்பா, தேவசகாயம். சேரி ஆள் உள்ளே கால் வைக்கக் கூடாதாம், மன்றத்துப் பெரிய மனிதர்களின் சட்டம் அது. பதினாறு வருஷம் அவர் நாடகம் கேட்டார், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கை ஓய்ந்தால் உள்ளேயிருந்து ஒருவன் எழுந்து வந்து உதைப்பான்.

இப்போது மன்றத்தைப் புதுப்பித்து, வாசலில் வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறார்கள். இடம் கொடுத்தவர், தூண் கொடுத்தவர், ராஜா வேஷம் கட்டியவர் எல்லார் பேரும் அதில் உண்டு. சின்னையன் நாடக சபைத் தலைவர் கலியமூர்த்தியிடம் நேராகவே கேட்டார்.

"சார், எங்க தேவசகாயம் பேரையும் போடுங்க. பதினாறு வருஷம் இந்த ஹாலுக்குக் காத்து குடுத்தவரு."

கலியமூர்த்தி சிரித்தார். "கயிறு இழுத்தவன், கக்கூஸ் கழுவுனவன் பேரெல்லாம் எழுதுனா செவுரு பத்தாதுப்பா. நீ அந்த ஓட்டையிலயே பைப்ப உட்டு வேலைய முடி."

சின்னையன் வேலையில் குறை வைக்கவில்லை. அதே ஓட்டையில் பைப்பை விட்டு முடித்தார்.

திறப்பு விழா நாடகத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தவரைக் கலியமூர்த்தி வாசலிலேயே மறித்தார்.

"நீ எங்க உள்ள போற? பின்னால தாவாரத்துல சுச்சு பக்கத்துல ஒக்காரு. ஏசி நின்னுட்டா மானம் போயிடும்."

சின்னையன் பின்னால் போனார். ஏசி சுவிட்சை அணைத்துப் பெட்டியைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கலியமூர்த்தி உள்ளே போனதும் முன்வாசல் வழியாகவே வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார். அங்கிருந்து ராஜா வேஷக்காரனின் முகம் நன்றாகத் தெரிந்தது.

கால்மணி நேரத்தில் கூட்டம் அழைப்பிதழால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தது. கலியமூர்த்தி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"யோவ், காத்து வரலய்யா!"

"எப்பிடி வரும்?" என்றார் சின்னையன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஆளு இல்ல."